பின்பக்கம் வரவில்லை

ரிட்டன் சார் பல் துலக்கும் சத்தம் கேட்டுத்தான் அந்த அடுக்குமாடியில் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். கடைவாய்ப் பல்லுக்கு பிரஷ் போனதுமே அடிவயிற்றிலிருந்து ஓங்கரிப்பு கிளம்பும். கண்ணில் நீர் முட்ட, குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புதிதாகக் குடிவந்த மேல்வீட்டுக்காரர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் படிக்கட்டில் மடக்கி, "சார், வீட்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். மனைவிக்கு வயது ஐம்பத்தொன்று. "ஆமா, எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ரிட்டன் சார் வேலைக்குப் போனார்.

இத்தனைக்கும் அவர் பிழைப்பே பிறத்தியார் வாயில்தான். பல் செட் செய்கிறவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்று ஜன்னலும் ஒரு தொட்டியும் உள்ள அறையில் இருபத்தாறு வருடம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் ஒரு ட்ரே நிறைய ஈர மாவை வைத்து அழுத்தி, அது இறுகியதும் எடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பெயர் அளவு. அதில் கல்லாக இறுகும் கல்மாவைக் கரைத்து ஊற்றினால் அந்த ஆளின் வாய் வெள்ளை வெளேரென்று மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிடும். ஆளைப் பார்க்காமலே ஆளின் வாயைப் பார்த்தவர் ரிட்டன் சார். யார் பல்லைக் கடிப்பவர், யார் ஒரு பக்கமாகவே மெல்பவர் என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது அவர் எழுதும் சீட்டால். அளவில் அண்ணத்தின் பின் ஓரம் சரியாகப் பதியவில்லை என்றால் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார். ஒரு சீட்டில், 'பின்பக்கம் வரவில்லை. மறுபடியும் எடுக்கவும்' என்று எழுதி அளவோடு திருப்பி அனுப்பிவிடுவார். டாக்டர்கள் பல்லைக் கடிப்பார்கள். "நோயாளிக்குக் குமட்டுது சார், அதுக்கு மேல வைக்க விடமாட்டேங்கிறார்" என்று போனில் கெஞ்சுவார்கள். "குமட்டினா குமட்டட்டும், நான் என்ன பண்றது?" என்பார். சொன்ன வாய் இந்த வாய்தான்.

ஆனால் அவர் வீம்புக்குச் செய்யவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குறையான அளவு ஒன்றை ஏற்றுக்கொண்டு ஒரு தகடு செய்து கொடுத்துவிட்டார். சாதாரணப் பல் செட் அல்ல அது. அண்ணத்தில் கட்டி வந்து, எலும்போடு வெட்டி எடுத்த ஒரு பெண்மணிக்கு அந்த ஓட்டையை மூடுவதற்கான தகடு. ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் படியேறி அறைக்கே வந்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசினால் புரியாது என்று அவளுக்குத் தெரியும். தொட்டிக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவர் முன்னால் நின்று குடித்தாள். தண்ணீர் அத்தனையும் மூக்கு வழியாக அவள் மடியில் கொட்டியது. டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து ரிட்டன்தான்.

இப்போது அதே கட்டி அவர் அண்ணத்தில் இருந்தது.

ஆறு மாதமாகவே நாக்குக்குத் தெரிந்திருந்தது. வலதுபக்கம், பின்னால், ஒரு தடிப்பு. சூடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இருபத்தாறு வருடம் பல் டாக்டர்களோடு புழங்கியும் ஒரு டாக்டரையும் தன் வாயை எட்டிப் பார்க்க விட்டதில்லை. கண்ணாடிக் கரண்டி நாக்கில் பட்டாலே குடல் வெளியே வந்துவிடும் போலிருக்கும். வீட்டுக் கண்ணாடியிலும் பார்க்கவில்லை. பின்பக்கம் ஒரு பல் ஆடத் தொடங்கியபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதி மயக்கம் கொடுத்துத் துளி சதை எடுத்தார்கள். அந்தப் பாதி மயக்கத்திலேயே மூச்சு தடுமாறிவிட்டது. முடிவு சொன்ன நாளில் அறுவை டாக்டர் 'புற்று' என்ற சொல்லை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் ரிட்டன் சார் காதில் ஏறவில்லை. கடைசி வாக்கியம் மட்டும் நின்றது.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள தகடு ரெடியா இருக்கணும், டேபிள்லயே மாட்டிடலாம். அளவு கிடைக்கலைன்னா துணியைத் திணிச்சு, மூக்கு வழியா குழாய் போட்டு, வாரக்கணக்குல அப்படியே இருக்க வேண்டியதுதான். அளவுக்காக இன்னொரு மயக்கம் தர மயக்க டாக்டர் ஒத்துக்க மாட்டார். உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லணுமா? நீங்களே செய்றவர்தானே."

செய்கிறவர்தான். அதுதான் வினையே. வேறு யாராக இருந்தாலும் 'ஏதோ தகடாம்' என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவருக்கு அந்தத் தகட்டின் ஒவ்வொரு ஓரமும் தெரியும். பின் ஓரம் நெல்மணி அளவு குறைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். அந்தப் பின் ஓரம் இருக்கும் இடத்தில் ஒரு பிரஷ் நுனியைக்கூட வைக்க விடாத தொண்டை தன்னுடையது என்றும் தெரியும்.

மனைவி தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவள். அன்று அவளுக்குக் காலை முறை. அவர் தனியாகத்தான் போயிருந்தார். வந்து, "சின்னக் கட்டிதான், மிளகு சைஸ். எடுத்துட்டு ஒரு தகடு வைப்பாங்க" என்று பூசி மெழுகினார்.

"சத்தியமா மிளகுதானா?"

"நான் பாக்காத வாயா?" என்றார். தன் வாயைத்தான் பார்த்ததில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியிலேயே ஒருமுறை அளவெடுக்கப் பார்த்தார்கள். தொண்டை மரத்துப் போக ஏதோ மருந்தைப் பீய்ச்சினார்கள். அரை நிமிடத்தில் தொண்டை இருக்கும் இடமே தெரியவில்லை. எச்சில் விழுங்க முடிகிறதா இல்லையா என்றே புரியாமல் சப்த நாடியும் ஒடுங்கி, நாற்காலியிலிருந்து குதித்து, கழுத்தில் கட்டிய துணியோடு வராந்தா வரைக்கும் ஓடிவிட்டார். திரும்பக் கூப்பிட ஒருவர் பின்னாலேயே ஓடி வந்தார். நாற்பது பேர் பார்த்தார்கள்.

அந்த அவமானத்தில்தான் திங்கட்கிழமை மத்தியானம் அவர் தன் வேலை அறையில் அந்தக் கோமாளித்தனத்தைச் செய்தார். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் அளவைத் தானே எடுக்கப் போனார். வெந்நீரில் கலந்தால் மாவு சீக்கிரம் இறுகும். சீக்கிரம் இறுகினால் குமட்டுவதற்குள் எடுத்துவிடலாம். கணக்கு சரிதான். ஆனால் கெண்டி கொதித்துவிட்டது. மாவு கிண்ணத்திலேயே கட்டி தட்டத் தொடங்கியது. தொழிலில் நேற்றுச் சேர்ந்தவன்கூடச் செய்யாத ஒன்றைச் செய்தார்: மேலே தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். கூழாகிப் போனதை ட்ரேயில் வழித்து, கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் தள்ளினார்.

கூழ் பின்னால் வழிந்தது. தொண்டை திறந்து மூடியது. கை தானாக ட்ரேயைப் பிடுங்கி எறிந்தது, ஆனால் ஒரு துண்டு கிழிந்து உள்ளேயே தங்கிவிட்டது. மூச்சை இழுத்தார், வரவில்லை. விட்டார், போகவில்லை. கத்தலாம் என்றால் கத்துவதற்கும் காற்று வேண்டும். எதிரே அலமாரியில் வரிசையாக வெள்ளை வாய்கள், எல்லாம் திறந்தபடி. தாழைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது, தாழ் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தொட்டி விளிம்பில் வயிறு மோத விழுந்தார். அந்த மோதலில் துண்டு வெளியே தெறித்தது.

கதவை உடைப்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தார் மெருகுக்காரர், பல் செட்டுக்குப் பாலிஷ் போடும் சகா. திறந்ததும் ஒரு பார்வை பார்த்தார். தரையில் ட்ரே, முகமெல்லாம் மாவு.

"அறிவிருக்கா உனக்கு? செத்திருந்தா?"

"செத்திருப்பேன்" என்றார் ரிட்டன் சார். பதில் சொல்ல முடிந்ததே பெரிய விஷயம். அன்று சாயங்காலம் மெருகுக்காரரே ஒரு பல் டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கிவிட்டார். எந்த டாக்டர் என்று தெரிந்ததும் ரிட்டன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த ஒரு வருடத்தில் மட்டும் ஏழு அளவு திருப்பி அனுப்பியிருந்தார் அந்த டாக்டரம்மாவுக்கு.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. மனைவி லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள். காத்திருக்கும் அறையில் அவர் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு அவள் தன் கையை அவர் கைமேல் வைத்தாள். பெயர் கூப்பிட்டதும் எழுந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்கலாமா, அங்கே ஜன்னல் இருக்குமா என்றெல்லாம் ஓடியது புத்தி.

"வாங்க ரிட்டன் சார்" என்றார் டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். "உங்க கையெழுத்தைத்தான் பாத்திருக்கேன். ஆளை இப்பதான் பாக்குறேன்."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். டாக்டரம்மா விடவில்லை. "அதெல்லாம் அப்புறம். ஓடிப் போனீங்களாம், கேள்விப்பட்டேன். இங்க யாரும் துரத்த மாட்டோம். உக்காருங்க. சாய வேண்டாம், நிமிர்ந்து."

ட்ரேயை அவர் கையிலேயே கொடுத்தார். பின் ஓரத்தில் மெழுகை உருட்டி ஒட்டி வரப்பு கட்டியிருந்தது. மாவு தொண்டைப் பக்கம் வழியாது. நல்ல வேலை என்று ரிட்டன் சாரின் கண் தன்னையறியாமல் மெச்சியது. நர்ஸம்மா நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள். தலையைக் குனிந்து, மூக்கால் மூச்சு விட வேண்டும். வலது காலைத் தரையிலிருந்து தூக்கியே வைத்திருக்க வேண்டும். தொடை வலிக்கத் தொடங்கினால் கவனம் அங்கே போகும்.

"இன்னொண்ணு" என்று, மாவு கலந்த கிண்ணத்தை மிச்ச மாவோடு அவர் மடியில் வைத்தார் டாக்டரம்மா. "வாயில வைக்கறதும் இதுவும் ஒரே மாவு. கட்டைவிரலால அமுக்கிப் பாத்துக்கிட்டே இருங்க. விரல் பதியாம, ஒட்டாம இருந்தா இறுகிடுச்சு. அப்ப கை தூக்குங்க, எடுத்துடறேன். நீங்க கை தூக்கற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன். தூக்கிட்டா ஒரு நொடி வச்சிருக்க மாட்டேன். இது வாக்கு."

ட்ரே உள்ளே போனது. முதலில் பின்னால் அழுந்தி, பிறகு முன்னால் வந்து உட்கார்ந்தது. குளிர்ந்த, வழவழப்பான ஒன்று அண்ணம் முழுக்க அடைத்துக்கொண்டது. உடனே தொண்டை எழும்பியது. மூக்கால் இழுத்தார். மறுபடி எழும்பியது. தோளெல்லாம் குலுங்க, கண்ணீர் கிண்ணத்தில் சொட்டியது. நேற்றைய துண்டு நினைவுக்கு வந்தது. தொட்டி விளிம்பு, வராத மூச்சு. கட்டைவிரலை மாவில் அமுக்கினார். களிமண்ணில் அமுங்குவதுபோல் உள்ளே இறங்கியது. இறுகவில்லை. பாதிகூட இறுகவில்லை.

கையைத் தூக்கிவிட்டார்.

டாக்டரம்மா அந்த நொடியே எடுத்தார். ரிட்டன் சார் தொட்டியில் குனிந்து வயிற்றில் இருந்ததையும் இல்லாததையும் கக்கினார். சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

விளக்கடியில் அளவைத் திருப்பிப் பார்த்தார் டாக்டரம்மா. முன்பக்கம் அழகாக விழுந்திருந்தது. பின்னால் கால்வாசி கிழிந்து தொங்கியது. அவர் ஒரு சீட்டையும் பேனாவையும் எடுத்து ரிட்டன் சாரிடம் நீட்டினார்.

"எழுதுங்க."

"என்ன எழுதறது?"

"எங்களுக்கு என்ன எழுதுவீங்களோ, அதையே எழுதுங்க."

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. ஆனாலும் வாங்கி, கோணல் மாணலாக எழுதினார்: 'பின்பக்கம் வரவில்லை. மறுபடியும் எடுக்கவும்.' எழுதி முடித்ததும் நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் ஒரு கணம் வந்தது. பின் அழுகை வந்தது.

"இறுகலை டாக்டர். தெரிஞ்சேதான் கை தூக்கினேன்."

"தெரியும். உங்க விரல் உள்ள போனதைப் பாத்துட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"எடுப்பேன்னு சொன்னேனே."

அந்தப் பதில் அவரை என்னமோ செய்தது. இவ்வளவு நாளும் அவர் பயந்தது அந்த மாவுக்கு அல்ல. வாய்க்குள் ஒன்றை வைத்துவிட்டு எடுக்காமல் போய்விடுவார்களோ என்பதற்குத்தான். எடுத்துவிட்டார்கள். பொய்க் கை என்று தெரிந்தும் எடுத்துவிட்டார்கள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது கதை. பயம் அப்படியே இருந்தது. ஆனால் இனி பொய் சொல்ல முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது.

வாயைக் கொப்பளித்தார். தண்ணீர் வாய் வழியாகவே வெளியே வந்தது. ஆபரேஷனுக்கு மறுநாள், சனிக்கிழமை, இப்படி வருமா என்று நினைத்தார்.

"வைங்க" என்றார்.

புதிதாகக் கலந்த மாவின் மிச்சம் கிண்ணத்தோடு மறுபடி மடிக்கு வந்தது. இரண்டாம் தடவையும் தொண்டை அதே ஆட்டம் ஆடியது. கால் தூக்கியபடி, தலை குனிந்தபடி, நூல் போல் எச்சில் வழிய, கட்டைவிரலை மட்டும் பார்த்தார். விரல் இறங்கியது. எடு என்றது தொண்டை. இல்லை என்றது விரல். தொடை நடுங்கத் தொடங்கியது. செத்துப்போவேன் என்றது தொண்டை. பொய் என்று அடித்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. மூக்கால் ஒரு மூச்சு, மறுபடி ஒரு மூச்சு, அவ்வளவுதான் இருந்தது. விரல் இப்போது பாதிதான் பதிந்தது. கையைத் தூக்கிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள், டாக்டரம்மா எடுத்துவிடுவார். அதுதான் அவரைத் தடுத்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆட்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே மாதிரி தவித்திருப்பார்கள். தன் சீட்டு போனதால் மறுநாள் திரும்ப வந்து தவித்திருப்பார்கள். ஒருத்தர் முகம்கூட அவருக்குத் தெரியாது. விரல் ஒட்டியது. சற்றுப் பொறுத்து ஒட்டவில்லை. அமுக்கினார், பதியவில்லை. இன்னொரு மூச்சு விட்டு, இன்னொரு முறை அமுக்கினார். பதியவே இல்லை.

கையைத் தூக்கினார்.

பொளக்கென்ற சத்தத்தோடு வந்தது அளவு. டாக்டரம்மா கழுவி விளக்கடியில் பிடித்தார். நர்ஸம்மா எட்டிப் பார்த்து, "பின்பக்கம் அப்படியே வந்திருக்கே! ஆனா இங்க பாருங்க டாக்டர், குமிழி விழுந்துடுச்சு. மறுபடி எடுக்கணுமா?" என்றாள்.

வலதுபக்கம், பின்னால், ஒரு பள்ளம். காற்று மாட்டிக்கொண்டால் அப்படித்தான் குமிழியாகப் பள்ளம் விழும். டாக்டரம்மா ரிட்டன் சாரைப் பார்த்தார். கதவோரம் நின்ற மனைவியும் பார்த்தாள்.

குமிழி என்று சொல்லிவிடலாம். மனைவி நம்புவாள், வாயில் மேடாக இருப்பது அளவில் பள்ளமாக விழும் என்று அவளுக்கு என்ன தெரியும்? அவர் அளவைக் கையில் வாங்கினார். பள்ளத்தின் ஓரம் கரடுமுரடாக இருந்தது. குமிழியின் ஓரம் வழவழவென்று இருக்கும். ஆறு மாதமாக நாக்குக்கு மட்டும் தெரிந்திருந்ததை முதல் தடவையாகக் கண் பார்த்தது. மாவு ஒட்டியிருந்த கட்டைவிரலை அதில் வைத்தார். நகம் முழுக்க உள்ளே போனது.

"குமிழி இல்லம்மா" என்றார். "அதுதான் கட்டி."

மனைவி பக்கத்தில் வந்தாள். அவர் விரலை எடுத்ததும் தன் விரலை அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் விரல் ஒல்லி; இடம் மிச்சம் இருந்தது.

"மிளகுன்னு சொன்னீங்க."

"எனக்கே தெரியாது. டாக்டர் சொன்னப்ப காதுல விழலை. கண்ணாடியில பாக்கறதுக்கும் பயம்." நிறுத்தினார். "இப்பவும் ரொம்பப் பயமா இருக்கு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தினம் நூறு பேருக்கு 'இதோ ஆள் அனுப்பறோம்' என்று சொல்லிப் பழகியவள், முந்தானையால் அவர் மோவாயில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டாள்.

டாக்டரம்மா அளவை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். அவர் கை நீட்டுவதற்குள் மனைவி வாங்கிக்கொண்டாள், இரண்டு கைகளாலும். படியிறங்கும்போது அவள் மெதுவாகத்தான் இறங்கினாள்.

"கொஞ்சம் வேகமா வா. உடனே கல்மாவு ஊத்தணும். காஞ்சா சுருங்கிடும்" என்றார்.

"சுருங்கினா என்ன ஆகும்?"

"தகடு பொருந்தாது."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "அந்தக் கட்டி சுருங்காது, இது மட்டும் சுருங்குமா?" என்று கேட்டுவிட்டு, நடுப்படியில் உட்கார்ந்து, துணிப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏறி வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார். ரிட்டன் சார் பக்கத்தில் உட்கார்ந்தார். துணி காய்வது அவருக்குத் தெரிந்தது. பத்து நிமிடம் தாங்கும். ஐந்து நிமிடம் அழவிட்டார். பிறகு கையைப் பிடித்து எழுப்பினார்.